ஆக்சிஜன் சென்சார் வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டர் சோதனை

காரின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0135 என்ற கோளாறு கோடு (code) வந்தால் உடனே புது ஆக்சிஜன் சென்சார் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி) வாங்கிவிடாதீர்கள். இன்ஜின் ஆறியதும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இரண்டு ஒயர் இருக்கும், பெரும்பாலும் வெள்ளை. அவற்றுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள்.

அவை உள்ளே இருக்கும் ஹீட்டருடைய ஒயர்கள். சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இந்தக் கோடு சொல்வது ஹீட்டர் சர்க்யூட்டைத்தான். சில ஓம்ஸ் காட்டினால் ஹீட்டர் அறுந்துபோகவில்லை, முதலில் ஃபியூஸையும் ஒயரிங்கையும் பாருங்கள். சில ரூபாய் ஃபியூஸோடு வேலை முடிந்தாலும் முடியும்! மீட்டர் ஓ.எல். (OL, அளவுக்கு அப்பாற்பட்ட மின்தடை) என்று காட்டினால் ஹீட்டர் சுருள் அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றத்தான் வேண்டும்.

நான்கு ஒயர் சென்சாருக்கான வழி இது. சென்சார் மந்தமாகிவிட்டது என்று சொல்லும் பி0133-க்கு இது உதவாது. அங்கே முதலில் எக்ஸாஸ்டில் (புகைக்குழாயில்) லீக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.