அம்மாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்): வீட்டில் நோட்டு எழுத ஆரம்பிப்பது எப்படி?

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அம்மா தெளிவாகிவிடுவார். "நீங்க சாப்பிட்டீங்களா டாக்டர்?" என்று விசாரிக்கவும் செய்வார். ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர் இவர்தான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அதற்காகத்தான் நோட்டு.

1. கோடு போட்ட நோட்டு ஒன்று போதும், ஆப் எல்லாம் வேண்டாம். பகலில் பார்த்துக்கொள்ளும் அக்கா, ஞாயிற்றுக்கிழமை வரும் தம்பி என எல்லோரும் அதே நோட்டில் எழுத வேண்டும். அம்மா கண்ணில் படாமல் வையுங்கள்.

2. முதல் பக்கத்தில் இன்றைய நிலை. தானே சேலை கட்டுகிறாரா, சில்லறை எண்ணுகிறாரா, அடுப்பை அணைக்கிறாரா, தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்புகிறாரா? ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க இது வேண்டும். சாப்பிடும் எல்லா மாத்திரையையும் அங்கேயே எழுதுங்கள், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியதையும் சேர்த்து. தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் சில, குழப்பத்தைக் கூட்டும்.

3. அன்றாடக் குறிப்பு. கஷ்டமான வேலை இதுதான். "இன்னைக்கு ரொம்பப் படுத்திட்டாங்க" என்று எழுதினால் டாக்டருக்கு அதில் ஒன்றுமே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"மாலை 5.40. கரண்ட் இல்லை. 'எங்க வீட்டுக்குப் போகணும்' என்று பையை எடுத்தார். 'இதுதாம்மா நம்ம வீடு' என்றதும் கோபம் கூடியது. மாடிக் கொடியில் துணி எடுக்கக் கூட்டிப் போனதும் அடங்கிவிட்டார்."

எத்தனை மணி, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், எதில் அடங்கினார். நான்கும் இருந்தால் சில வாரங்களில் ஏதோ ஒரு ஒழுங்கு தெரியவரும். பொழுது சாயும்போது பதற்றம் கூடுவது இந்த நோயில் பலருக்கும் உண்டு. எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கே எல்லா லைட்டையும் போடும் வழக்கம் இப்படி எழுதியதில் வந்ததுதான்.

தூக்கம், தண்ணீர், மலம், சிறுநீர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் எழுதினாலே போதும்.

4. சிவப்புப் பேனா. திடீர் மாற்றங்களை இதில் எழுதுங்கள். டிமென்ஷியா பெரும்பாலும் மெல்லத்தான் நகரும். ஓரிரு நாளில் ஆளே மாறிப்போனால் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மருந்து என்று வேறு காரணம் இருக்கலாம். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விடாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108.

5. டாக்டரிடம் போகும்முன் எல்லாவற்றையும் ஒரு பக்கமாகச் சுருக்குங்கள். அதை அம்மா முன்னால் வாசிக்க வேண்டாம், பெற்றவரை வைத்துக்கொண்டு குற்றப்பத்திரிகை படித்தது போல் ஆகிவிடும். சீட்டை முன்கூட்டியே நர்ஸிடம் கொடுத்துவிடலாம். வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனை ஆகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். இவற்றில் குறை இருந்தாலும் மறதி வரும், அதைப் பல நேரம் சரிசெய்ய முடியும்.

6. போனில் குரல் பதிவு. இது டாக்டருக்கு அல்ல, நமக்கு. "ஞாபகம் இருக்காம்மா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவும்மா?" என்று கேட்டால் பேச்சு தானாக வரும். பழைய நினைவுகள் வெகுநாள் நிற்பவை. ஆனால் அழுகிறபோதும் ஆடை குலைந்திருக்கும்போதும் வீடியோ எடுக்காதீர்கள். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எதையும் போடவே கூடாது.

அப்புறம், நோட்டின் ஓரத்தில் உங்கள் தூக்கத்தையும் எழுதி வாருங்கள். அது தொடர்ந்து குறைந்துகொண்டே போனால் ராத்திரிக் காவலைத் தம்பியோடு முறை வைத்துக்கொள்ள வேண்டிய நேரம். மனசு தாங்காதபோது 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதியோர் உதவிக்கு 14567.