பத்து நாணயம், ஒரு நோட்டுப் புத்தகம்: நியாயத்தை அளந்து பார்க்கலாம் வாங்க

"நீங்க நியாயமா நடப்பீங்களா?" என்று தாராவியில் யாரைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். குழாயடியில் அடுத்தவர் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தவரும் அதையேதான் சொல்வார். அதனால் இதை ஆராயும் பொருளாதார அறிஞர்கள் பலர் வாய்ச்சொல்லை நம்பி நிற்பதில்லை. கையில் காசைக் கொடுத்து, என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். அதை நாமும் செய்யலாம்.

முதலில் வேண்டியவை: பத்து ரூபாய் நாணயம் பத்து, துண்டுச் சீட்டுகள், ஒருவரையொருவர் பார்க்க முடியாத இரண்டு இடங்கள். எங்கள் வீடு ஒரே அறை. அதனால் எதிர்வீட்டு அக்காவிடம் இடம் கேட்டேன். சீட்டு கொண்டுபோக ஒரு பையன் போதும், அவனுக்கு ஒரு வடாபாவ்.

படி 1: பங்கு போடும் ஆட்டம். முதல் ஆள் 100 ரூபாயில் எதிராளிக்கு எவ்வளவு என்று சீட்டில் எழுதுகிறார். எதிராளி சம்மதித்தால் இருவருக்கும் பணம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. இந்த விதி இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1982இல் பொருளாதார அறிஞர் வெர்னர் கூத்தும் அவருடன் இருவரும் ஜெர்மனியில் நடத்திய சோதனை இதுதான். தன் லாபம் மட்டுமே பார்ப்பவர் 10 ரூபாய் வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையா? பிறகு நடந்த பல சோதனைகளில் கொடுக்க முன்வந்தது பெரும்பாலும் 40 முதல் 50 சதவீதம். 20க்குக் கீழே போனால் ஏறக்குறைய பாதிப் பேர் மறுத்துவிடுகிறார்கள். கையில் வரும் காசை விட்டுவிட்டு, அநியாயம் செய்தவரையும் வெறுங்கையோடு அனுப்புகிறார்கள்!

இங்கேதான் நான் சொதப்பினேன். மளிகைக்கடை அண்ணாச்சி சரியாக 50 எழுதினார். ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு அந்தப் பிள்ள மூஞ்சில முழிக்கணும்லா?" என்றார். எதிரே இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அளந்தது நியாயத்தை அல்ல, அக்கம்பக்கத்து உறவை. அடுத்த தடவை பெயருக்குப் பதில் குலுக்கல் எண் கொடுத்தேன். யாருக்கு யார் ஜோடி என்பது எனக்கு மட்டும் தெரியும்.

படி 2: மறுக்கும் உரிமையை எடுத்துவிடுங்கள். அதே 100 ரூபாய், ஆனால் எதிராளி கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆட்களை மாற்றிவிடுங்கள், முதல் ஆட்டம் ஆடியவர்கள் வேண்டாம். இந்த வகைச் சோதனைகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை 2011இல் தொகுத்தபோது, கொடுத்தது சராசரியாகச் சுமார் 28 சதவீதம். இப்போது முதல் ஆட்டத்தின் சராசரியிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். முதல் ஆட்டத்தில் சராசரி 42 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 42இலிருந்து 28 போனால் 14. மறுத்துவிடுவாரோ என்ற பயத்தில் கொடுத்தது பெரும்பாலும் அந்த 14தான். மீதியில் மனசு இருக்கிறது, அல்லது பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கான கூச்சம் இருக்கிறது.

ஊருக்கு ஊர் இது மாறும். முதல் ஆட்டத்தில் பெருவின் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 சதவீதம்தான் கொடுத்தார்கள். கூட்டாகத் திமிங்கில வேட்டைக்குப் போகும் இந்தோனேசியாவின் லமலேரா மக்கள் பாதிக்கும் மேலே கொடுத்தார்கள்.

படி 3: உடல்நலத்துக்கு வருவோம். நோய் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வருகிறதா, ஏழை வீட்டுக்கு அதிகமா என்று அளக்கலாம். ஐந்து வீடுகளை வசதி குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக எழுதுங்கள். வருமானம் கேட்காதீர்கள், யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ஃபிரிட்ஜ், வண்டி, தனிக் கழிவறை இருக்கிறதா என்று பாருங்கள், தேசிய குடும்ப நல ஆய்விலும் பொருட்களையும் வசதிகளையும் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். போன மாதம் ஒவ்வொரு வீட்டிலும் காய்ச்சலில் போன நாட்கள் 6, 4, 1, 3, 1 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15.

ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள்: 6+8+3+12+5=34. அதை இரட்டித்தால் 68. வீடுகளையும் மொத்த நாட்களையும் பெருக்கினால் 75. 68ஐ 75ஆல் வகுத்தால் சுமார் 0.91. அதிலிருந்து 1.2ஐக் கழியுங்கள் (வீடுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் ஆறு, அதை ஐந்தால் வகுத்தது). விடை மைனஸ் 0.29. இதற்குச் செறிவுக் குறியீடு என்று பெயர். பூஜ்யம் வந்தால் நோய் எந்தப் பக்கமும் சாயவில்லை, மைனஸில் போனால் ஏழை வீடுகளின் பக்கம் சாய்கிறது.

படி 4: வந்த விடையைச் சந்தேகப்படுங்கள். தோல் பை தைக்கும் மாமா ஒருவர் காய்ச்சலோடு வேலைக்குப் போய்விட்டு வந்து, "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அன்றைய கூலி போய்விடுமே. இதே சிக்கலை அமர்த்தியா சென் 2002இல் எழுதினார்: கேரளத்தில் பீகாரைவிட ஆயுள் அதிகம், ஆனால் நோய் இருக்கிறது என்று சொல்பவர்களும் கேரளத்தில்தான் அதிகம். மருத்துவ வசதியும் படிப்பும் உள்ளவருக்குத்தான் தன் உடம்பில் இருப்பது நோய் என்று தெரிகிறது.

ஆகவே அடுத்த சுற்றுக்குக் கேள்வித்தாளோடு எடை பார்க்கும் மெஷினும், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் எடுத்துப் போங்கள். மாமாவுக்கு மெஷின் 160/100 காட்டியது. என் நோட்டில் அவர் வீட்டுக்கு நேரே அதுவரை பூஜ்யம் என்று இருந்தது.