எஞ்சின் மாற்றிய காரில் எலெக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர் பெடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டாட்சன் 240இசட், மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களின் சொந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 எஞ்சினைப் பொருத்துவது அமெரிக்காவில் வெகுகாலமாக நடந்து வருகிறது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், ஆக்சிலரேட்டர் பெடலைக் கடைசி வாரத்தில், அதுவும் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். பளபளக்கும் அலுமினியப் பெடல் கைக்கு வந்த பிறகுதான் அதன் கனெக்டர் பொருந்தாது என்று தெரிகிறது.

பெடலையும் எஞ்சினையும் இணைக்கும் கேபிள் இல்லாத காரில் பெடல் என்பது ஒரு சென்சார், அவ்வளவுதான். மிதித்த அளவை மின்னழுத்தமாக, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வுக்குத் தெரிவிப்பதோடு அதன் வேலை முடிந்தது. எஞ்சினுக்குள் காற்றை விடும் மடலான த்ராட்டிலைத் திறப்பது மோட்டார். ஆகவே பெடல், இ.சி.யு., அந்த மடலும் மோட்டாரும் அடங்கிய த்ராட்டில் பாடி மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். 1997 கார்வெட்டின் எல்எஸ்1 எஞ்சினில் த்ராட்டிலுக்கென்று தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. பெடலில் மூன்று சென்சார்கள். பிறகு வந்த எல்எஸ்2, எல்எஸ்3 கார்வெட்களில் அந்த வேலையை இ.சி.யு.வே எடுத்துக்கொண்டது, சென்சார்களும் இரண்டாகக் குறைந்தன. எனவே 'எல்எஸ் எஞ்சினுக்கு ஏற்றது' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். உங்கள் இ.சி.யு.வின் பாக எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

அதிகம் சொதப்புவது வயரிங்கில். இரண்டு சென்சார் பெடலில் ஆறு வயர்கள் வரும்: ஒவ்வொரு சென்சாருக்கும் 5 வோல்ட், சிக்னல், கிரவுண்ட். ஒன்று தவறினால் மற்றது காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இரட்டை ஏற்பாடு. வயரை மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு கிரவுண்டையும் முறுக்கி, காரின் பாடியில் போல்ட் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். பிறகு பி2138 என்ற பிழைக் குறியீடு வருகிறது. இரண்டு சென்சாரின் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். எஞ்சினும் முடங்கி, நடை வேகத்தில் ஊர்கிறது. உடனே பெடலைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவது அடுத்த தவறு.

எஞ்சினை ஓட விடாமல், இக்னிஷனை மட்டும் போட்டு, பெடலின் சிக்னல் வயர்களில் மல்டிமீட்டரை வையுங்கள். பிற்கால எல்எஸ் பெடலில் கால் வைக்காதபோது ஒரு சிக்னல் சுமார் 1 வோல்ட், இன்னொன்று அதில் பாதி காட்டும். மெல்ல மிதிக்கும்போது இரண்டும் அதே விகிதத்தில் சீராக ஏற வேண்டும். நடுவில் எண் துள்ளினால் முதலில் கனெக்டரின் உலோக ஊசிகளை (பின்) பாருங்கள். இக்னிஷன் காயிலின் (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் சுருள்) வயர்களோடு பெடல் வயர்களைச் சேர்த்துக் கட்டியிருந்தால், அதன் மின் இரைச்சல் சிக்னலைக் குழப்பாதபடி பிரித்துவிடுங்கள்.

பொருத்தும் இடத்திலும் அவசரம் கூடாது. எஞ்சினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலின் மெல்லிய தகட்டில் வலுவூட்டாமல் மாட்டினால், அழுத்தி மிதிக்கும்போது பெடலோடு தகடும் வளையும். கம்பளம் போட்ட பிறகு முழுவதும் மிதித்து, இ.சி.யு.வின் தகவலைக் காட்டும் ஸ்கேனரில் பெடல் அளவு 100 சதவீதம் வருகிறதா என்று பாருங்கள். 80-இலேயே நின்றால் கம்பளமோ பிராக்கெட்டோ தடுக்கிறது. கால்விரிப்பையும் விட்டுவிடாதீர்கள்: பெடல் விரிப்பில் சிக்கும் அபாயத்துக்காக 2009-இல் டொயோட்டா அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. வழக்கமாக அணியும் ஷூவோடு உட்கார்ந்து பிரேக்கை மிதியுங்கள். ஷூவின் ஓரம் ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது.

பெடல் மந்தமாக இருக்கிறது என்று பெடலுக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவில் மாட்டும் 'த்ராட்டில் பூஸ்டர்' பெட்டி வாங்குவது வீண் செலவு. அது சிக்னலைத் திரித்து அனுப்புகிறதே தவிர, ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூட்டுவதில்லை. வயரிங்கில் கோளாறு இருந்தால் தேடுவதும் கடினமாகிவிடும்.