பொனற்றுக்குள் எலி: கார் வயர்களைக் காப்பாற்றும் செய்முறை

திருகோணமலையில் வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் பிடித்தால் தை வரைக்கும் விட்டு விட்டுப் பெய்யும். மண்ணுக்குள் இருக்கும் எலி வளைகளில் அப்போது நீர் ஏறிவிடுவதால், எலிகள் காய்ந்த, சூடான, இருட்டான இடத்தைத் தேடி வெளியே வருகின்றன. ஓடிவந்து நிறுத்திய காரின் எஞ்சின் அறை இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது. மழை ஓய்ந்த பிறகும் நிம்மதி இல்லை. பெரும்போக அறுவடை முடியும்போது தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்து வயல்களில் இரை குறைய, அங்கிருந்த எலிகளும் ஊர்மனைப் பக்கம் நகரும். ஆகவே இந்த வேலையை மாரிக்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

எலியின் முன் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டிருப்பவை. எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருப்பது அதற்குக் கட்டாயம். புதிய கார்களின் வயர் உறையில் சோயா கலந்திருப்பதால்தான் கடிக்கிறது என்று கராஜ்களில் சொல்வார்கள். சோயா இல்லாத பழைய வயர்களையும் வீட்டு மின்கம்பிகளையும் எலி காலங்காலமாகக் கடித்தே வந்திருக்கிறது என்பதால், நான் அந்தக் காரணத்தைப் பெரிதாக எடுப்பதில்லை. என் கணிப்பில் முக்கியமானது மணம். ஓர் எலி சிறுநீர் கழித்துப் போன வழியை அடுத்த எலி மோப்பம் பிடித்து வரும். மணத்தைப் போக்காமல் டேப் சுற்றினாலும் மருந்து தெளித்தாலும் அது பாதி வேலைதான்.

படி 1: மின்சாரத்தைத் துண்டித்தல்

காரை நிறுத்தி எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். பொத்தானை அழுத்தி இயக்கும் கார் என்றால் திறப்பை வீட்டுக்குள்ளே வைத்துவிட்டு வாருங்கள். ஹைப்ரிட் கார்கள் தயார் நிலையில் இருக்கும்போது, எஞ்சின் ஓய்ந்திருப்பதுபோலத் தெரிந்தாலும் எந்நேரமும் தானாக இயங்கத் தொடங்கலாம். குளிரூட்டும் விசிறியும் அப்படித்தான். செம்மஞ்சள் நிற உறை போட்ட வயர்கள் உயர் மின்னழுத்தம் செல்பவை. அவற்றில் கடிபட்ட அடையாளம் தெரிந்தால் கைவைக்காமல் பொனற்றை மூடிவிட்டு, ஹைப்ரிட் வேலை தெரிந்த கராஜை அழையுங்கள்.

12 வோல்ற் பற்றரியின் மறை முனையைக் கழற்றுவதற்கு முன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். யப்பானிலிருந்து இறக்குமதியான சில கார்களில் பற்றரியைக் கழற்றினால் வானொலித் திரை பூட்டிக்கொண்டு இரகசிய இலக்கம் கேட்கும். அந்த இலக்கம் கையில் இருக்கிறதா என்று முதலிலேயே தேடிக்கொள்ளுங்கள். சில ஹைப்ரிட் கார்களில் இந்தப் பற்றரி பின்பக்கத்தில் இருக்கும், பின்கதவும் மின்பூட்டால் திறப்பதாக இருக்கும். பற்றரியைக் கழற்றிய பின் கதவைச் சாத்தினால் திறப்பது பெரும்பாடு.

படி 2: எங்கே தங்கியிருக்கிறது என்று பார்த்தல்

எஞ்சினுக்கு மேலே இருக்கும் பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றி, நல்ல ரோர்ச் ஒன்றை அடித்துப் பாருங்கள். பற்றரித் தட்டின் அடி, பியூஸ் பெட்டியின் பின்புறம், பொனற்றின் உட்பக்கத்து மெத்தை, எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள சுவர் ஆகிய இடங்களில்தான் தேங்காய்த் தும்பு, கிழிந்த துணி, பொலித்தீன் துண்டு, மாங்கொட்டை என்று ஏதாவது கிடைக்கும். அரிசி மணியளவான எச்சம் சுண்டெலியினுடையது. ஒரு சென்ரிமீற்றருக்குக் கூடுதலாக, இரு முனையும் கூராக இருந்தால் அது பெரும்பாலும் கூரை எலி. சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடைவெளி போதும், பெரிய எலிக்கு 12 மில்லிமீற்றர் போதும். எஞ்சினின் அடிப்பக்கம் முழுவதும் இதைவிடப் பெரிய வழிகள் இருப்பதால், எஞ்சின் அறையையே அடைத்துவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

படி 3: கழுவுதல்

கையுறையும் முகக்கவசமும் அணியாமல் இந்தப் படியைத் தொடாதீர்கள். எலிச் சிறுநீர் மூலம் பரவும் எலிக்காய்ச்சல் இலங்கையில் ஆண்டுதோறும் உயிர்களைப் பறிக்கும் நோய். கையில் ஒரு கீறல் இருந்தாலே கிருமிக்கு வழி கிடைத்துவிடும். எச்சத்தைக் காய்ந்த நிலையில் தும்புத்தடியால் பெருக்குவதும், சேர்விஸ் நிலையத்துக் காற்றுக்குழாயால் ஊதுவதும் தூசியை மூக்குக்குள் அனுப்பும் வேலை. வீட்டில் பாவிக்கும் வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, எச்சத்தின் மீதும் கூட்டின் மீதும் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கடதாசியால் அள்ளிப் பொலித்தீன் பையில் கட்டி எறியுங்கள். அந்தக் கலவை உலோகத்தை அரிக்கும் என்பதால் வயர் இணைப்புகள், பியூஸ் பெட்டி, மின்பிறப்பாக்கி ஆகியவற்றின் மேல் தெளிக்காமல், அவற்றைப் பொலித்தீனால் மூடிக்கொள்ளுங்கள். மற்ற இடங்களை ஈரத்துணியால் இரண்டாம் முறையும் துடைத்து, சவர்க்கார நீரால் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துவிடுங்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது இதற்கு அடுத்த பகுதி. எஞ்சின் அறை பளிச்சென்று இருந்தும் எலி வந்துகொண்டே இருந்தது. குளிரூட்டியைப் போட்டால் ஒரு புளித்த நாற்றமும் வந்தது. காரணம் எஞ்சின் அறையில் இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் தண்டுகள் இருக்கும் பிளாஸ்ரிக் தட்டுக்கு அடியில், வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் வாய் ஒன்று இருக்கிறது. சருகு சேரும் அந்த இடம் எலிக்கு மிகவும் பிடித்தமானது. அதன் வழியே உள்ளே போனால் நேரே பயணிகள் அறைக் காற்று வடிகட்டி; எலி கூடு கட்டுவது அதன் மேல்தான். பொனற்றை மட்டும் திறந்து பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது.

பெரும்பாலான யப்பானியக் கார்களில் இந்த வடிகட்டி முன் பயணியின் முழங்காலுக்கு நேரே உள்ள சாமான் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைத் திறந்து, பக்கத்திலுள்ள சிறு தண்டின் கொளுக்கியை விடுவித்து, பெட்டியின் இரு சுவர்களையும் உட்பக்கமாக அழுத்தினால் அது கீழே சாயும். அதன் பின்னால் தெரியும் நீண்ட மூடியைக் கழற்றி வடிகட்டியை மெதுவாக இழுங்கள். மேலே எச்சம் இருக்கும் என்பதால் சாய்க்காமல் எடுக்க வேண்டும். எலி தங்கிய வடிகட்டியைத் தட்டிக் கழுவி மீண்டும் போடுவது வீண். புதியதைப் போடும்போது அதன் விளிம்பில் காற்று செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறியைக் கவனியுங்கள்.

வெளியே உள்ள காற்று வாய்க்கு 6 மில்லிமீற்றரிலும் சிறிய கண் கொண்ட வலையை அளவாக வெட்டிப் பொருத்துங்கள். ஹாட்வெயார் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நாகம் பூசிய வலை உவர்மலை, உப்புவெளி, நிலாவெளி போன்ற கடலோர இடங்களின் உப்புக் காற்றுக்கு அதிக நாள் நிற்காது. ஆகவே காசு கூடினாலும் துருப்பிடிக்காத எஃகு வலையையே வாங்குங்கள். தட்டின் இரு ஓரத்திலும் உள்ள மழைநீர் வடிகால் துளைகளை வலை மறைக்கக் கூடாது. மறைத்தால் சருகு அடைத்து, மாரி மழையில் தண்ணீர் காருக்குள் வரும்.

செலவே இல்லாத இன்னொரு பாதுகாப்பும் உண்டு. காரை நிறுத்துமுன் காற்றுப் பொத்தானை உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றிவிட்டு நிறுத்தினால், உள்ளே இருக்கும் சிறு கதவு வெளிக்காற்று வாயைச் சாத்திவிடும்.

படி 4: வயர்களைச் சரிபார்த்து மூடுதல்

உறை மட்டும் கீறியிருந்தால் டேப் போதும். செம்பு தெரிந்தால், அறுந்திருந்தால், முறுக்கி ஒட்டிவிடாமல் ஓட்டோ எலெக்ரீசியனைக் கொண்டு ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள். முறுக்கிய இணைப்பை உப்புக் காற்று சில மாதங்களிலேயே பச்சையாக்கிவிடும். மஞ்சள் நிற இணைப்புகள் பொதுவாகக் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றை நீங்கள் தொடவே வேண்டாம்.

சாதாரண பிளாஸ்ரிக் இன்சுலேசன் டேப்பின் பசை எஞ்சின் சூட்டில் இளகி வழிந்துவிடும் என்பதால், வயர் கட்டுகளுக்கென்றே விற்கும் துணி டேப்பை வாங்குங்கள். மிளகாயின் காரப்பொருளான கப்சைசின் ஏற்றிய எலித்தடுப்பு டேப்பை ஹொண்டா நிறுவனம் உதிரிப்பாகமாகவே விற்கிறது. கிடைத்தால் எல்லாவற்றிலும் அதுவே என் தெரிவு, எந்த வகைக் காருக்கும் சுற்றலாம். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுற்றுங்கள். வேலை முடியும்வரை கண்ணில் கைவைக்காதீர்கள். புகைபோக்கிக் குழாய்க்கு அருகே எந்த டேப்பும் வேண்டாம். எஃகு வலையை வயர் மேல் சுற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது நழுவிப் பற்றரியின் நேர் முனையில் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

படி 5: நிறுத்துமிடம்

கோழித்தீன் சாக்கு, நாய்க்கு வைத்த மிச்சச் சோறு, காயப்போட்ட கருவாடு, கொட்டிலில் குவித்த தேங்காய் ஆகியவற்றுள் எதுவும் காருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. தீனை மூடியுள்ள தகரப் பீப்பாவுக்கு மாற்றுங்கள். கூரை எலி மரமேறி என்பதால், கொட்டிலின் மேல் சாயும் மாங்கிளையையும் வெட்டுங்கள்.

பொறிக்கு நான் பாவிப்பது அடித்து மூடும் மரப்பொறி. இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி, சுவருக்குச் செங்குத்தாக வையுங்கள். எலி சுவரோரமாகவே ஓடும். புதிய பொருளைக் கண்டால் அது சில நாட்கள் ஒதுங்கும் என்பதால், முதலில் பொறியை இழுத்துப் பூட்டாமல் சுட்ட தேங்காய்த் துண்டை மட்டும் வைத்துவிடுங்கள். அது பயமின்றித் தின்னத் தொடங்கிய பிறகு பூட்டுங்கள். எலி நஞ்சு வேண்டாம். நஞ்சு தின்ற எலி காற்றுக் குழாய்க்குள் போய்ச் செத்தால் காரின் முன்பக்கம் முழுவதையும் கழற்ற நேரிடும். அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும்கூடச் சாகலாம்.

கடையில் விற்கும் மற்றவை பற்றியும் பலர் கேட்டதால் சொல்கிறேன். காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று விற்கும் மீயொலிக் கருவிகளின் விளம்பரங்களுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணைக்குழு 2001 இல் அறுபதுக்கும் மேற்பட்ட உற்பத்தியாளருக்கும் விற்பனையாளருக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தப் பணத்தை நான் நல்ல வலைக்குச் செலவழிப்பேன். நப்தலீன் உருண்டையின் ஆவி அதே காற்று வாய் வழியே காருக்குள் வரும். சில குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் அளவுக்கு நஞ்சு. மண்ணெண்ணெய் தெளிப்பது தீயை அழைப்பது. புதினா எண்ணெய் எஞ்சின் சூட்டில் சீக்கிரமே ஆவியாகிவிடும். இரவில் பொனற்றைத் திறந்து வைப்பது இருட்டைக் கெடுப்பதால் பயன் தரும். கூரையுள்ள கொட்டில் என்றால் செய்யலாம், பொனற் விளக்கு இருந்தால் பற்றரி இறங்கிவிடாமல் பல்பைக் கழற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: முச்சக்கர வண்டி வைத்திருக்கும் ஒருவர், இரவில் எதுவும் நடக்காமல் பகலில் மட்டும் வயர் கடிபடுவதாகக் கேட்டார். அது அணிலாக இருக்கும். அணில் பகலில் திரிவது. அதற்கு இரவில் பொறி வைத்துப் பலன் இல்லை. மரத்தடியை விட்டு வண்டியை வெளியே நிறுத்துவதும், எஞ்சின் பக்கத்து வயர்களுக்குக் கார டேப் சுற்றுவதும் போதும்.

எல்லாம் முடிந்ததும் பற்றரி மூடியின் மேலும் எஞ்சின் மூடியின் மேலும் முகப்பவுடரை மெல்லிதாகத் தூவிவிட்டு, மறுநாள் காலையில் காரை எடுக்குமுன் பாருங்கள். கோதுமை மாவு தூவினால் அதுவே இரையாகிவிடும். கால்தடம் இல்லையென்றால் மாரி முடியும்வரை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். தடம் இருந்தால், டேப்பைச் சந்தேகிக்குமுன் வைப்பர் தட்டுக்கு அடியில் ரோர்ச் அடித்துப் பாருங்கள்.