சலானில் விழும் ஒரு கையெழுத்து

அரசு அலுவலகங்களுக்கு நாற்காலி, மேசை சப்ளை செய்வது என் தொழில். எல்லாம் சிறிய ஆர்டர்கள். ஆனால் அந்தச் சிறிய ஆர்டரின் பணம் நின்றுவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு அடுத்த சரக்கு வாங்க வழியில்லை.

ஒருமுறை 40 நாற்காலிகளை இறக்கினேன். ஸ்டோர் கீப்பர் சலானில், அதாவது சரக்கோடு போகும் ஒப்படைப்புச் சீட்டில், கையெழுத்து மட்டும் போட்டார். தேதியும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. மூன்று வாரம் கழித்து, 6 நாற்காலிகளில் வெல்டிங் விட்டிருக்கிறது என்று மொத்த பில்லையும் நிறுத்திவிட்டார்கள். லாரியில் விட்டதா, அவர்கள் மாடிக்கு ஏற்றும்போது விட்டதா? நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அன்றிலிருந்து என் சலானிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறேன்: எண்ணிக்கை, 'நல்ல நிலையில் பெறப்பட்டது', தேதி, பெயர், பதவி. கட்டங்கள் நிரம்பாமல் லாரி கிளம்பாது. இறக்கிய சரக்கை வரிசையாக நிறுத்திப் படமும் எடுத்துக்கொள்கிறேன்.

தகராறு வந்துவிட்டால் முதலில் கொள்முதல் ஆணையின் நிபந்தனைகளைப் படியுங்கள். சரக்கை ஆய்வு செய்ய எத்தனை நாள், தாமத அபராதத்துக்கு உச்சவரம்பு உண்டா, முறையீட்டை யாரிடம் எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று பாருங்கள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம். பேசுங்கள், பேசிய அன்றே 'இன்று தாங்கள் கூறியபடி' என்று தொடங்கி ஒரு கடிதமும் அனுப்பிவிடுங்கள். ஒரு பக்கம் போதும்: ஆணை எண், சலான் எண், கேட்கும் தொகை, எந்த நிபந்தனையின்படி கேட்கிறீர்கள் என்பது. ஆணையில் கையெழுத்திட்ட அதிகாரிக்கே அனுப்புங்கள். 'இன்னும் இரண்டு கொடுங்கள், பில்லில் சேர்த்துக்கொள்ளலாம்' என்று ஸ்டோரிலிருந்து வாய்மொழியாகச் சொன்னால் கொடுக்காதீர்கள். ஆணையை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் அவர்களுக்கு இருக்காது.

டெண்டரே கிடைக்காத தகராறு வேறு. அதற்கு முறையீட்டு வழி தனி. ஐ.நா. வணிகச் சட்ட ஆணையம் நாடுகளுக்கு முன்மாதிரியாக 2011-இல் தந்த கொள்முதல் சட்டத்தில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு.

சரக்கில் தகராறு இல்லாத பகுதிக்குத் தனி பில் போடுங்கள். பணம் தரும்போது நீட்டும் ரசீதில் 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தால் அப்படியே கையெழுத்திடாதீர்கள். 'பகுதித் தொகை, ஆட்சேபத்துடன்' என்று மாற்றி எழுதித் தரக் கேளுங்கள். 'முழுத் தீர்வு' என்ற அந்த ஒரு வாசகத்தால் பாக்கியை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்த 6 நாற்காலிகளையும் என் செலவிலேயே வெல்டிங் செய்து கொடுத்தேன். மீதி 34-க்குத் தனியாகக் கேட்கலாம் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. மொத்த பில்லும் ஏழு மாதம் நின்றது.