வன்னியா, சீமைக்கருவேலமா? பார்த்து விதை எடுங்கள்

வன்னி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் சறுக்குவது விதையில்தான். சீமைக்கருவேல விதையை வன்னி என்று நம்பி எடுத்துவந்துவிடுகிறார்கள். இரண்டும் நெருங்கிய உறவு, இலையும் ஏறக்குறைய ஒரே சாயல்.

1. முள்ளைப் பாருங்கள். இலை கிளம்பும் கணுவில் இரட்டையாக நீண்ட முள் இருந்தால் அது வன்னி இல்லை. வன்னி முள் குட்டையானது. ரோஜா முள்ளைப் போல அடி அகன்று, கணுக்களுக்கு இடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டியிருக்கும். காயும் மெலிந்து, உருண்டு, சரம் சரமாகத் தொங்கும். கிளையில் கெட்டியான சிறு உருண்டைகள் தெரிந்தால் காய் என்று பறிக்காதீர்கள். பூச்சியால் வந்த புடைப்பு அது, உள்ளே விதை இருக்காது.

2. பழுத்த காயிலிருந்து ஓட்டை விழாத விதைகளாகப் பொறுக்குங்கள். தோல் கெட்டி என்பதால் அப்படியே ஊன்றினால் பல விதைகள் முளைக்காமலே கிடக்கும். நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் விதையைப் போட்டு இரவெல்லாம் விடுங்கள். காலையில் சில விதைகள் உப்பியிருக்கும், சில அப்படியே இருக்கும். உப்பாதவற்றை நகவெட்டியால் லேசாகக் கீறி மறுபடி ஊறவையுங்கள். கூர்முனையைத் தொடவேண்டாம், வேர் வருவது அங்கேதான்.

3. ஓர் அடி உயரமுள்ள பையில், மணல் கலந்த மண்ணில், விரல்நக ஆழத்தில் ஊன்றுங்கள். ஓரிரு வாரத்தில் முளைவரும்.

மேலே ஒரு சாண் செடி நிற்கும்போதே ஆணிவேர் பையின் அடியை எட்டிவிடும். தரையில் முளைத்த கன்று ஒன்றை நான் ஒருமுறை தோண்டி எடுத்தேன். எவ்வளவு தோண்டியும் வேர் முடியவில்லை. கடைசியில் அறுந்தது, நாலு நாளில் கன்றும் கருகிற்று. தார்ப் பாலைவன விவசாயிகள் கம்பு வயலுக்கு நடுவிலேயே இந்த மரத்தை விட்டுவைப்பது இந்த வேரை நம்பித்தான். அது ஆழத்து நீரைத் தேடிப் போவதால் பயிரோடு அதிகம் போட்டி போடாது. 1983-இல் ராஜஸ்தான் இதை மாநில மரமாக அறிவித்தது.

4. மழை தொடங்கியதும், மண்கட்டி உடையாமல் பையைக் கிழித்து நடுங்கள். நீர் தேங்கும் இடம் ஆகாது. முதல் வருடக் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர் காட்டினால் போதும். வேலி கட்டாயம், முள் இருக்கிறதே என்று ஆடு விட்டுவிடாது.