வானம் வெளுத்திருந்தாலும் ஆறு ஏறும்: ஷட்டர் உள்ள ஆற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் ஆற்றோரம் வளர்ந்தவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. மழை இல்லையா, அப்போ ஆற்றில் பயமில்லை. இருக்கும் தவறுகளிலேயே பெரிய தவறு இதுதான்.

நம் ஆறான சித்தூர்ப்புழையில் வருவது நம் தலைக்கு மேலே பெய்த மழை மட்டுமல்ல. ஆனைமலைக் காடுகளில் பெய்தது ஆழியாறு அணையில் தேங்கி, அங்கே மதகு திறந்தால் மணக்கடவு வழியாக மூலத்தரை ரெகுலேட்டருக்கு (ஷட்டர் வைத்த தடுப்பணைக்கு) வருகிறது. அங்கே ஷட்டரைத் தூக்கினால் நம் குளிகடவில் (குளிக்கும் படித்துறையில்) தண்ணீர் ஏறுகிறது. மழையே இல்லாவிட்டாலும், பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (725 கோடி கன அடி) தண்ணீரை மணக்கடவில் அளந்து கேரளத்துக்கு விட வேண்டும். ஆகவே வெயில் காயும் நாளிலும் ஆறு உயரலாம். 2024 ஜூலையில் இந்த ஆற்றில் இறங்கிய நான்கு பேர் திடீரென்று தண்ணீர் ஏறி நடுப்பாறையில் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி இறங்கித்தான் அவர்களைக் கரையேற்றினார்கள்.

'ஆயிரம் கன அடிதானே' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வினாடிக்கு ஆயிரம் கன அடி என்றால் சுமார் 28 ஆயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி இரண்டை ஒவ்வொரு வினாடியும் கவிழ்ப்பதாக நினைத்துப் பாருங்கள், அதற்கு மேலும் மிஞ்சும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால், ஆற்றின் சத்தம் மாறினால், அந்த நிமிடமே மேலே ஏறுங்கள். துணி, சோப்பு, செருப்பு எதற்கும் திரும்ப வேண்டாம். ஏறுவது கரையாக இருக்கட்டும், நடுப்பாறை வேண்டாம்.

அடுத்தது தடுப்பணை. ஆள் உயரச் சுவர், அதன் மேல் கண்ணாடி மாதிரி வழியும் தண்ணீர், கீழே வெள்ளை நுரை. பிள்ளைகளுக்கு அருவி போலத் தெரியும். ஆனால் சுவர் மேலிருந்து விழும் தண்ணீர் அடிவரை போய், கொஞ்ச தூரம் தள்ளி மேலே வந்து, மேற்பரப்பில் மறுபடி சுவரை நோக்கியே திரும்புகிறது. அதில் விழுந்தவரும் அப்படியே சுவருக்கு இழுக்கப்பட்டு, அமுக்கப்பட்டு, மேலே வந்து, மறுபடி இழுக்கப்படுகிறார். நுரையில் காற்று கலந்திருப்பதால் அது உடம்பைச் சரியாகத் தாங்காது, நீச்சல் எடுபடாது. சுவருக்குக் கீழே ஒரு தேங்காயோ மட்டையோ போகாமல் ஒரே இடத்தில் புரண்டுகொண்டிருந்தால் அந்தச் சுழல் இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒருவர் விழுந்தால் அடுத்தவர் குதிப்பதுதான் நம் வழக்கம். பாசத்தில் செய்வதுதான், ஆனால் ஒரு சாவு இரண்டாக, மூன்றாக ஆவது அப்படித்தான். குதிக்காதீர்கள். கயிற்றில் காலி பிளாஸ்டிக் குடத்தைக் கட்டி, கரையில் படுத்துக்கொண்டு வீசுங்கள். கேரளத்தில் தீயணைப்புக்கு 101, பொதுவான அவசர எண் 112.

சுவருக்கு மேற்புறம் நிம்மதி என்றும் எண்ண வேண்டாம். ஷட்டர் அடியில் திறந்திருக்கும்போது இழுப்பும் அடியில்தான் இருக்கும். மேலே ஒரு சலனமும் தெரியாது. வலை போட இறங்குபவர்கள் ஷட்டர் பக்கம் போகவே கூடாது.

நிலம்பதிப் பாலங்களைப் (வெள்ளம் வந்தால் தண்ணீர் மேலேறி ஓடும் தாழ்ந்த பாலங்களைப்) பற்றிச் சுருக்கமாக: ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தால் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை அடித்துப் போகும். பஸ் போனதே என்று பைக்கை விடாதீர்கள்.

நிறக் குழப்பமும் ஒன்று உண்டு. மழை எச்சரிக்கையில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. கேரள அணைகளுக்கு நீலம், ஆரஞ்சு, சிவப்பு. நீலம் என்றதும் ஏதோ நல்ல செய்தி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நீர்மட்டம் முதல் எச்சரிக்கை நிலையைத் தொட்டுவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

குட்டநாடு பக்கம் படகில் போகிறவர்கள் தண்ணீர்முக்கம் தடுப்பணையில் லாக்கைப் (இரு பக்கமும் கதவு வைத்து, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் அறையைப்) பார்க்கலாம். உப்புத் தண்ணீர் ஏறாமலிருக்கக் கோடையில் ஷட்டர்களை மூடும்போது படகுகள் அதன் வழியாகத்தான் போகும். எந்த லாக் ஆனாலும் படகை இறுக்கி முடிச்சுப் போடக் கூடாது. நீர்மட்டம் இறங்கினால் படகு கயிற்றில் தொங்கிச் சாயும். கயிற்றைச் சுற்றி, ஒருவர் கையில் பிடித்து விட்டுக்கொடுக்க வேண்டும். படகுக்கும் சுவருக்கும் நடுவே கையைக் காலை விடவே கூடாது.

இத்தனையும் நம் தவறுகள். சரி, ஷட்டரை இயக்குபவர்கள் பக்கம்? 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் ஒன்று நள்ளிரவுக்குப் பிறகு பெயர்ந்து, சுமார் 20 ஆயிரம் கன அடி கட்டுப்பாடின்றிச் சாலக்குடி ஆற்றுக்குப் பாய்ந்தது. 2024 ஆகஸ்டில் துங்கபத்ரா அணையில் 19-ஆம் ஷட்டரின் சங்கிலி அறுந்தது. அடுத்த மாதமே விஜயவாடாவில் வெள்ளத்தில் அடித்து வந்த படகுகள் பிரகாசம் தடுப்பணையில் மோதி, ஷட்டர்களைத் தூக்க உதவும் எதிர்எடைகளை உடைத்தன. சங்கிலி, எதிர்எடை, மேலே கட்டவிழ்ந்து கிடக்கும் படகு. பெரிய சுவரைப் பார்த்துக்கொண்டு இந்தச் சின்ன விஷயங்களை விட்டுவிடுவது ஆபத்தான தவறு. பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு ஷட்டரையும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும், ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்க வேண்டும், கரண்ட் போனால் கையால் சுற்றித் திறக்க ஆளும் பயிற்சியும் வேண்டும்.

சைரன் ஒலித்த கையோடு ஷட்டரைத் தூக்குவதும் தவறுதான். கீழே குளிப்பவர் கரையேற நேரம் கொடுத்து, முதலில் கொஞ்சமாகத் திறந்து, பிறகு படிப்படியாகக் கூட்ட வேண்டும். அந்தச் சைரன் ரெகுலேட்டரில் மட்டும் ஒலித்தால் போதாது, கடவுவரை கேட்க வேண்டும். அப்புறம் மொழி. நம் சித்தூர்த் தாலுக்காவில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். எச்சரிக்கை மலையாளத்தில் மட்டும் இருந்தால் அது அவர்களுக்கு வெறும் சுவர்தான். உங்கள் கடவில் தமிழ்ப் பலகை இல்லையென்றால் ஜூன் பிறப்பதற்குள் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.